இன்னொரு கால்

இன்று காற்று மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர்.
புந்தா அரேனாஸில் எந்தப் பள்ளியும் மைதானத்தைத் திறக்கவில்லை.
சாப்பாட்டுக் கூடத்து மேசைகளை ஓரம் தள்ளி
பருப்புச் சூப்பின் வாசனைக்குள்ளே
இருபத்தேழு பேரை நிறுத்தியிருக்கிறேன்.
எல்லாருக்கும் ஆறு வயது.
எல்லாருக்கும் மூக்கு ஒழுகுகிறது.

தகரக் கூரை படபடக்கிறது,
கத்தித்தான் பேச வேண்டும்:
இரண்டு காலில் எழும்பி இரண்டு காலில் இறங்கினால்
அது குதித்தல்.
ஒரு காலில் எழும்பி மறு காலில் இறங்கினால்
தாவல்.
எழும்பிய அதே காலில் இறங்க வேண்டும்,
அதுதான் இன்றைக்கு. நொண்டி.

"அத்தை, அயெலென் அதே காலில்
என் மேல் இறங்கிவிட்டாள்."

(பள்ளிக்கூடத்தில் நான் எல்லாருக்கும் அத்தை.
வீட்டில் யாருக்கும் இல்லை.)

வளையம் வாங்கப் பணம் வரவில்லை.
சைக்கிள் கடை ரமீரோ கொடுத்த பழைய டியூப்கள்
தரையெங்கும் கிடக்கின்றன,
ஒட்டுப்போட்ட வட்டங்களாய்.
முழங்காலை மடக்கு. கையை வீசு.
தரையைப் பார்க்காதே, தரை எங்கேயும் போகாது.
பூனை இறங்குகிற மாதிரி இறங்கு.

கடற்சிங்கங்கள் இறங்கின.

அயெலென் ஒற்றைக் காலிலேயே கூடத்தைக் கடந்து
சமையலறைக்குள் போய்விட்டாள்.
ரொட்டியோடு திரும்பி வந்தாள்,
அதே காலில்.

ஸ்டிப்பான் பாரியெந்தோஸ் மட்டும்
ஒற்றைக் காலில் நிற்கவே மாட்டேனென்று
ஒற்றைக் காலில் நிற்கிறான்.
அதாவது, இரண்டு காலையும் அகட்டி ஊன்றி.
கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். வேண்டாமாம்.
சுவர்? வேண்டாமாம்.
பிறகு கேட்டான்:
"இன்னொரு காலை எங்கே வைப்பது?"

பதினோரு வருடமாக இந்தப் பாடம் எடுக்கிறேன்.
யாரும் கேட்டதில்லை.
தூக்கிக்கொள் என்றேன்.
"தூக்கி, எங்கே?"

அவன் அப்பாவுக்கு நண்டுப் படகில் வேலை.
ஈரத் தளத்தில் காலை அகட்டி வை,
ஒரு காலைத் தூக்குகிறவன் தண்ணீருக்குச் சொந்தம்
என்று சொல்லி வைத்திருக்கிறார்.
அது தப்பு என்று
ஆடாத தரையில் நின்றுகொண்டு நான் எப்படிச் சொல்ல?

அட்டையில் குறித்தேன்.
வலது கால், மூன்று முறை: இல்லை.
இடது கால், மூன்று முறை: இல்லை.
நிற்றல் என்று ஒரு பத்தி இருந்திருந்தால்
முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

நான்கு மணி. சதுக்கத்து மூலையில்
கயிறு கட்டியிருக்கிறார்கள்,
வளர்ந்தவர்களே அதைப் பிடித்துத்தான் தெருவைக் கடக்கிறார்கள்.
பகல் முழுக்க நொண்டிய வீரர்கள்
கொடியில் காயும் துணிகளாய்த் தொங்கினார்கள்.
ஸ்டிப்பான் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு நடப்பவன்போல நடந்தான்.

குட்டையில் அவன் வலது காலணி மாட்டிக்கொண்டது.
கால் வந்தது, காலணி வரவில்லை.
காற்று அவனை நாலடி தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியது.
மஞ்சள் காலுறை. புதிது.
அது நனையக் கூடாது.
மடக்கித் தூக்கிக்கொண்டான்,
கயிற்றை விட்டான்.

ஒன்று.
இரண்டு. மூன்று. நான்கு.

சேறு தெறிக்கக் காலணியைப் பிடுங்கி
கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டி
அதைத் திட்டினான்.

நான் கைதட்டவில்லை.
தட்டினால் அவனுக்கு ஞாபகம் வந்துவிடும்.

இரவு அட்டையை எடுத்து
இடது காலுக்கு நேரே 'நான்கு' என்று திருத்தினேன்.
வலதுக்கு நேரே இன்னும் 'இல்லை'தான்.
தேநீருக்கு வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள்
சமையலறையில் நானும் ஒரு தடவை.
முப்பத்தொன்பது வயது முழங்கால் முனகியது.
ஒன்று. இரண்டு.
இன்னொரு கால் எங்கே போயிருக்கிறதென்று
திரும்பிப் பார்த்தேன்,
விழத் தெரிந்தேன்.

கீழ்வீட்டு குஸ்மானிச் அம்மாள்
துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடித்தாள்,
மூன்று முறை.